அக்காள்மடத்துக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே ஒரு தண்ணீர்க் கேன்

இந்த ஆண்டுப் பொங்கல் வியாழக்கிழமையில் வந்து வெள்ளி, சனி, ஞாயிறையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்ததால், தொண்டியிலிருந்து தங்கச்சிமடத்துச் சின்னம்மா வீட்டுக்குப் போய்வருவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் அம்மா. போக வேண்டாம் என்று முதலில் சொன்னவரும் அம்மாதான். அந்த ஊர்த் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லையாம். அம்மா பிறந்து வளர்ந்து 23 வயது வரை குடித்தது அந்தத் தண்ணீரைத்தான் என்று அப்பா ஒருமுறை எடுத்துச் சொல்லிவிட்டு, அன்றிரவு ரசம் இல்லாமல் சாப்பிட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை, மாற்றுத்துணி மூட்டைக்கு முன்பாகக் காரில் ஏறியது ஒரு 20 லிட்டர் தண்ணீர்க் கேன். எங்கள் தெருக் குழாயில் வருவது திருச்சிப் பக்கத்திலிருந்து குழாய்வழியே புறப்பட்டு வரும் காவிரி என்பதால், அம்மா அதைத் தண்ணீர் என்று சொல்வதே இல்லை. ‘காவேரி’ என்றுதான் சொல்வார். ‘காவேரியைச் சாய்க்காம வைங்க’ என்று அவர் சொல்ல, அப்பா அதைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் தமக்கும் பேத்திக்கும் நடுவே உட்கார வைத்தார். அம்மாவுக்குக் கார்ப் பயணமும் ஒத்துக்கொள்ளாது என்பதால் முன்சீட் எப்போதும் அவருக்குத்தான்.

தண்ணீரைக் கண்டால் இவ்வளவு மரியாதை காட்டுகிறோமே என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். நான்கு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை வரிசையாக அடுக்கி, உச்சி வெயிலில் பெண்கள் தள்ளிக்கொண்டு போகும் காட்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஓர் அலுவலர்மேல் கோபம் வந்தால் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்’ என்று மேலதிகாரி மிரட்டுவதாகச் சொல்வார்களே, அந்தக் காட்டில் ரேஷன் கார்டு வைத்துக் குடியிருப்பவர்கள் நாங்கள்.

உப்பூரில் இறங்கி வெயிலுகந்த விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைத்தோம். தேவிபட்டினம், இராமநாதபுரம், உச்சிப்புளி எல்லாம் தூக்கத்தில் கடந்தன. அதாவது மற்றவர்களின் தூக்கத்தில். பாம்பன் பாலத்தில் ஏறியதும் அம்மா மட்டும் விழித்துக்கொண்டார். அவர் கல்யாணமாகி ஊரைவிட்டுப் புறப்பட்டது 1983-இல். சாலைப் பாலம் 1988-இல்தான் திறந்தார்கள். எனவே மணப்பெண் ஒரு தகரப்பெட்டியோடு இரயிலில்தான் கடல் தாண்டியிருக்கிறார். அந்த 1914-ஆம் ஆண்டுப் பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலம் நின்றது. பழையது கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளையும் விரித்து உயர்த்திவந்தது. புதியதோ நடுத்துண்டை லிஃப்ட் போல அப்படியே மேலே தூக்கிவிடுகிறது. ‘கும்பிட்டு வழி விட்ட மாதிரி இருந்துச்சு பழசு. இது என்ன, மாடிக்குப் போற மாதிரி’ என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பாம்பன் தாண்டினால் முதலில் அக்காள்மடம், அதற்கடுத்துத் தங்கச்சிமடம். இந்த இரண்டு ஊர்ப் பலகைகளையும் பார்க்கும்போதெல்லாம் அப்பா தவறாமல் ஒரு வார்த்தை சொல்வார்: ‘பேர் வச்சவனுக்கு விவரம் தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே மடத்தைக் கொடுக்கலை பாரு.’ நாற்பது ஆண்டுகளாகச் சொல்கிறார். அம்மா நாற்பது ஆண்டுகளாக அது காதில் விழாதவர் போலவே உட்கார்ந்திருக்கிறார்.

சின்னம்மா வாசலுக்கு வந்து, அக்காவைப் பார்ப்பதற்கு முன்பாகக் கேனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ‘வாங்க மச்சான்’ என்று அப்பாவை மட்டும் வரவேற்றார். அன்று மத்தியானம் நண்டுக் குழம்பும் கணவாய் வறுவலும் பரிமாறியபோது அம்மா தம் தம்ளரைத் தாமே நிரப்பிக்கொண்டார். குழம்பு கிணற்றுத் தண்ணீரில்தானே கொதித்தது என்று என் மகள் கேட்கத் தொடங்கினாள். என் மனைவி ஒரு நண்டுக்காலை உடைத்து அவள் வாயில் வைத்துவிட்டாள். இந்தக் குடும்பத்துக்கு வந்த பத்து ஆண்டுகளில் அவள் கற்றுக்கொண்ட வித்தைகளில் இது தலையாயது.

அந்தக் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். மணலில் உறை இறக்கிய சின்னக் கிணறு. எட்டிப் பார்த்தால் நம் முகம் பக்கத்திலேயே தெரியும். சுற்றிலும் கடல் கிடக்க, மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே படுத்துக்கொண்டிருக்கிறது. மெதுவாக இறைத்தால் மேலே இருக்கும் நல்ல தண்ணீர் வரும். மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கும் கடல் ஏறி வந்துவிடும். அதனால் சின்னம்மா இன்றுவரை அதில் மோட்டார் வைக்கவில்லை. ‘கிணத்தை விரட்டக் கூடாதுப்பா’ என்பார். காலையிலும் மாலையிலும் கயிற்றை விட்டு வாளியால் மொண்டுதான் வீட்டுக்கும், பின்னால் இருக்கும் மல்லிகை நாற்றுகளுக்கும் ஊற்றுகிறார். மதுரை மல்லி என்று ஊரெல்லாம் பேர் வாங்கும் தோட்டங்கள் பலவற்றுக்கும் நாற்று போவது தங்கச்சிமடத்து மணலிலிருந்துதான் என்பதை, வந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் சின்னம்மா யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் காப்பி போடப் போன அம்மா, காலிக் கேனைக் கையில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். சின்னம்மா நாற்றுகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்திருந்தார். மணல் ஈரமாக இருந்தது.

‘காவேரித் தண்ணியாச்சேக்கா. நாத்துக்கு ஒரு நாளாவது நல்ல தண்ணி கிடைக்கட்டுமேன்னு ஊத்திட்டேன்.’

இந்த ‘நல்ல தண்ணி’ என்ற சொல்லில் சின்னம்மா வைத்த அழுத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. அம்மா பதில் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அப்பா, பெரும்போர் தொடங்கும்போது நடுநிலை நாடுகள் செய்வதைப் போல, செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் படித்தார். பதினொரு மணிக்கு அம்மா எழுந்து, ‘கொதிக்க வச்சு, வடிகட்டி, ஆற வச்சு’ என்று மூன்று நிபந்தனைகளோடு ஒரு தம்ளர் கிணற்றுத் தண்ணீருக்கு ஒப்புக்கொண்டார். மாலைக்குள் முதலில் வடிகட்டலும், பிறகு கொதிக்கவைத்தலும் கைவிடப்பட்டன. இராத்திரி பத்து மணிக்குக் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அம்மாவும் சின்னம்மாவும் உறைமேல் உட்கார்ந்து, ஒரு செம்பை மாற்றி மாற்றி அண்ணாந்து குடித்துக்கொண்டு, செத்துப்போன யாரோ ஒரு டீச்சரைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அம்மா செம்பைச் சின்னம்மா கையில் திணித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தை அமாவாசை. இதை நாட்காட்டியில் பார்க்காமல் பயணத்தைத் திட்டமிட்ட என் அறிவை மனைவி இன்றுவரை பாராட்டிக்கொண்டிருக்கிறாள். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொள்ளத் தமிழ்நாடே இராமேசுவரத்துக்குப் புறப்பட்டிருந்த நாளில், நாங்கள் அதே சாலையில் எதிர்த்திசையில் ஊர்ந்தோம். டிக்கியில் ஐம்பது மல்லிகை நாற்று, இரண்டு கட்டுப் பனங்கிழங்கு, ஓர் ஓலைப்பெட்டி கருப்பட்டி. பின்சீட்டில் அதே கேன், நிறைய, இம்முறை கிணற்றுத் தண்ணீரோடு. ‘நாத்து வேர் பிடிக்கிற வரைக்கும் பிறந்த இடத்துத் தண்ணியை ஊத்தணும்’ என்று சொல்லிச் சின்னம்மா ஏற்றிவிட்டார். மூடி தொலைந்துபோனதால் வாயில் ஒரு பாலித்தீன் பையைக் கட்டி இரப்பர் வளையம் போட்டிருந்தார்.

காசியில் கங்கைத் தண்ணீரை மொண்டு வந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் செம்பை ஈயம் வைத்து அடைப்பது ஏன் என்பது எனக்குப் பாம்பன் பாலத்தில் விளங்கியது. பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, புதுப்பாலத்தோடு படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்துக்குப் பின்னால் நான் ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் கேன் அப்பாவின் மடியில் ஒரு தம்ளர் கக்கியது. கீழே கடல், மேலே அமாவாசை வெயில், நடுவே நனைந்த வேட்டியோடு அப்பா. தண்ணியில்லாக் காட்டில் தண்ணீரால் அவதிப்பட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். உச்சிப்புளியில் டீ குடிக்க எல்லோரும் இறங்கியபோது அவர் மட்டும் இறங்க மறுத்துவிட்டார். பார்ப்பவர்கள் வயதைக் கணக்குப்போட்டு வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்களாம்.

அதற்கு முன்பே மண்டபத்துப் பக்கம் ஒரு காவலர் காரை நிறுத்தச் சொல்லி, பாலித்தீன் கட்டிய கேனைப் பார்த்ததும் குனிந்தார்.

‘என்னம்மா இது?’

‘தண்ணி’ என்றார் அம்மா.

காவலரின் முகம் மாறியது. ஈர வேட்டியோடு கண் சிவந்து உட்கார்ந்திருந்த அப்பாவை ஒருமுறை பார்த்தார். சந்தேகம் உறுதிப்பட்டது போலிருந்தது. ‘என்ன தண்ணி?’ என்று குரலை உயர்த்தினார்.

‘எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி’ என்று அம்மா அதைவிட உயர்த்தினார்.

காவலர் இரப்பர் வளையத்தைக் கழற்றி, முகர்ந்து பார்த்து, திரும்பக் கட்டிவிட்டுப் போகச் சொன்னார். மூன்று நாளும் ‘அவ வீட்டுக் கிணறு’ என்று சொல்லிக்கொண்டிருந்தது எப்போது ‘எங்க வீட்டுக் கிணறு’ ஆனது என்று கேட்க அப்பா வாயைத் திறந்தார். பிறகு ரசத்தை நினைத்துக்கொண்டார் போலும், மூடிக்கொண்டார்.

இன்று வியாழக்கிழமை. நாற்றுகளைத் திங்கட்கிழமையே கொல்லையில் வைத்தாயிற்று. அவற்றுக்கு அம்மா ஊற்றுவது குழாயில் பிடித்த காவேரியை. கேன் சமையலறை மூலையில், ஈரத்துணி சுற்றி, தட்டுப் போட்டு மூடியிருக்கிறது. காலையில் ஒரு தம்ளர் காப்பிக்கு, இரவில் ஒரு தம்ளர் குடிக்க, அதற்குமேல் எடுப்பதில்லை. என் மகள் கேட்டதற்கு, ‘அப்பத்தாவுக்குத்தான் சரிப்படும், உனக்கு ஒத்துக்காது’ என்று சொல்லிவிட்டார். சின்னம்மா தினமும் தொலைபேசியில் நாற்று எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். ‘நாத்து நல்லாருக்குடி. தண்ணிதான், ஒரே உப்பு’ என்று, கையில் அந்தக் காப்பித் தம்ளரை வைத்துக்கொண்டே அம்மா பதில் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்காவிடமோ, ‘எங்க ஊருத் தண்ணி, இளநி மாதிரி இருக்கும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது நேற்று என் காதில் விழுந்தது.

எது உண்மை என்று தெரிந்துகொள்ள, நேற்றிரவு எல்லோரும் தூங்கியபின் சத்தமில்லாமல் தட்டை நகர்த்தி அரைத் தம்ளர் மொண்டு குடித்துப் பார்த்தேன். லேசாக உப்புக் கரிக்கத்தான் செய்தது. தட்டைத் திரும்ப வைக்கும்போது விளிம்பில் இடித்துவிட்டது.

‘யாரது, கேனைத் தொடறது?’ என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.