கோர்வைத் தறியும் என் பிஎச்டியும்

வடிவமைப்பில் பிஎச்டி என்றால் "படம் வரைய எதுக்கும்மா டாக்டர் பட்டம்?" என்றுதான் கேட்கிறார்கள். என் ஆய்வு காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், ஊடிழையைக் கொண்டுபோகும் ஓடமான நாடா மூன்று, கரை நாடாவைத் தள்ள பக்கத்தில் இன்னொரு ஆள். இரண்டு நிற இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அந்த இடத்தை எழுத்தில் கொண்டுவரவே முடியாது என்பது ஆறு மாதம் தறிக்குழியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

1993-இல் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் என்ற பிரிட்டிஷ் கலைக் கல்வியாளர், கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலையின் வழியே நடக்கும் ஆய்வு என்று மூன்றாகப் பிரித்தார். என்னுடையது கடைசி வகை, நெய்வதேதான் ஆய்வு. அப்புறம் ஏன் நான் நெய்த இரண்டு கஜத் துணியை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வைக்கச் சொல்கிறார்கள்? எனக்கு ஒப்பவில்லை, அந்தத் துணிதான் என் வாதமே. முதல் கஜத்தில் கரை அலையலையாகப் போகும். "இழுக்காதம்மா, விடு" என்று பக்கத்திலிருந்த அண்ணன் சொன்ன நாளிலிருந்து நேராகும். விரலை வைத்தாலே தெரியும்.