வாட் எண்ணை ஒதுக்கிவிட்டுக் குரலைக் கேட்டு வாங்கிய ஸ்பீக்கர்

குறைந்த விலையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாம் என்று முடிவானதும், அது எதற்கு வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தேன். அம்மா வேலை செய்துகொண்டே கேட்கும் சொற்பொழிவுகள், ஒலிப்புத்தகங்கள், இரவில் மெல்லிய சத்தத்தில் கொஞ்சம் பாட்டு. அவ்வளவுதான். கடைசிவரை அந்தத் தாளை விட்டு நான் விலகவில்லை.

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது, திறனைக் குறிக்கும் வாட். 5 வாட்டைவிட 10 வாட் இரு மடங்கு சத்தம் தரும் என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் திறன் இரட்டித்தால், சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் கூடுவது 3 மட்டுமே. காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் தேவை. சில பெட்டிகளில் அச்சிட்டிருப்பது கணப்பொழுது எட்டும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவு அல்ல. எந்த அளவு என்று சொல்லாத வாட் எண்களை நான் ஒப்பிடவே இல்லை. எவ்வளவு தாழ்ந்த ஒலியிலிருந்து எவ்வளவு உயர்ந்த ஒலி வரை தரும் என்று சொல்லும் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்ற வரியையும் ஒதுக்கினேன். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாவிட்டால் அதற்குப் பொருளே இல்லை. புளூடூத் பதிப்பு எண் கூடுவதாலும் ஒலி இனிமையாகிவிடாது. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர்; எல்லா ஸ்பீக்கரிலும் இருக்கும் எஸ்பிசி கோடெக்கே பேச்சுக்குத் தாராளம்.

நீர்க்காப்புக் குறியீடு வேறு. அது சோதனை முறை வரையறுக்கப்பட்ட எண் என்பதால் எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஐபிஎக்ஸ்5 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும்; ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். இடையில் உள்ள 'எக்ஸ்' தூசிக்கான மதிப்பீடு தரப்படவில்லை என்பதைக் குறிக்கும். சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புநீருக்கும் சோப்புநீருக்கும் அது உறுதி தராது. எங்கள் தேவைக்கு ஐபிஎக்ஸ்5 போதும்.

இப்படிக் கழித்தபின் மிஞ்சிய சிலவற்றை நேரில் கேட்டேன். ஒரே கைப்பேசி, அதில் எனக்கு மனப்பாடமான பதிவுகள்: ஒரு பெண்ணின் பேச்சு, ஒரு கனத்த ஆண்குரல், குரலும் தாளமும் மட்டும் உள்ள ஒரு பாட்டு. எல்லாவற்றையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது முடிவு கட்டிவிடும்.

இரு பக்கமும் பேஸிவ் ரேடியேட்டர் வைத்த ஒரு ஸ்பீக்கர் பாட்டில் என்னை மயக்கியது. காந்தமோ கம்பிச்சுருளோ இல்லாத அந்தச் சவ்வு, பெட்டிக்குள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தால் அசைந்து தாழ்ந்த ஒலிக்குக் கனம் சேர்க்கிறது. ஆனால் அதே கனம் ஆண்குரலில் ஏறி, பானைக்குள் பேசுவதுபோல் சொற்களைக் குழப்பியது. இன்னொன்றில் 'ஸ', 'ஷ' ஒலிகள் காதைக் கீறின. உள்ளே ஒலியெழுப்பும் கூம்பு ஒன்றே ஒன்று உள்ள எளிய ஸ்பீக்கரில்தான் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. தாழ்ந்த ஒலி அதில் குறைவுதான். சுவரை ஒட்டி வைத்தால் ஓரளவு ஈடுகட்டலாம்.

எந்தப் பெட்டியிலும் எழுதாத சில விஷயங்களும் அப்போது தெரிந்தன. பேச்சாளர் சற்று நிறுத்தினால் சில ஸ்பீக்கர்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒலிப்பகுதியை அணைத்துவிடுகின்றன. மீண்டும் பேசும்போது முதல் அசை விழுங்கப்படுகிறது. பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஒலிப்புத்தகம் கேட்பவருக்குப் பெரும் தொல்லை. மிகக் குறைந்த ஒலிநிலையே இரவுக்கு அதிகம் என்ற நிலை இன்னொன்றில். மற்றொன்று ஒவ்வொரு முறை இயக்கும்போதும் உரத்த குரலில் அறிவிப்புச் செய்தது. அதை நிறுத்த வழியே இல்லை. இவை எல்லாவற்றையும் நீக்கினேன்.

பேட்டரி நேரம் பெரும்பாலும் நடுத்தர ஒலியளவுக்குச் சொல்லப்படுவது என்பதால், மணிக்கணக்கைவிட, சார்ஜ் ஏறும்போதே பாடுமா என்பதையும் யூஎஸ்பி-சி இணைப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்தேன். பொத்தான்களை அம்மாவின் கையில் கொடுத்து, பார்க்காமல் அழுத்தச் சொன்னேன். மேடாக எழும்பிய பொத்தான்கள் இருந்த அந்த எளிய ஸ்பீக்கரையே அவரும் தேர்ந்தெடுத்தார்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முழுச் சத்தத்தில் கரகரப்பு வருகிறதா, அடுத்த அறைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோனால் இணைப்பு அறுகிறதா என்று சோதித்தேன். முழுச் சத்தத்தில் தாழ்ந்த ஒலி மெலிந்தது. சின்ன ஸ்பீக்கர்கள் தம்மைக் காத்துக்கொள்ள அப்படிச் செய்வது இயல்பு. கரகரப்பு இல்லை, இணைப்பும் அறவில்லை. வைத்துக்கொண்டோம்.