அடித்து எழுதிய ஒரு வரி
1944 ஜூன் 5. இரண்டாம் உலகப் போர். விடிந்தால், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேச நாடுகளின் படை இறங்க வேண்டும். அந்தப் படையின் தலைமைத் தளபதி, அமெரிக்கரான ஐசனோவர் ஒரு துண்டுக் காகிதத்தில், தோற்றுப்போனால் என்ன அறிவிப்பது என்று பென்சிலால் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்கிறார். வீரர்கள் தங்களால் முடிந்த எல்லாவற்றையும் செய்தார்கள், தவறு ஏதும் இருந்தால் அது என் ஒருவனுடையது என்று முடிகிறது குறிப்பு. முதலில் 'இந்த நடவடிக்கை' என்று எழுதியதை அடித்துவிட்டு 'தாக்குவது என்ற என் முடிவு' என்று மாற்றியிருக்கிறார் பாருங்கள், அந்த அடித்தலை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. என்ன மனநிலையோ, தேதியை ஜூன் 5க்குப் பதில் ஜூலை 5 என்று தவறாகப் போட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் பாராசூட் வீரர்களிடம் போய், எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டு நின்றார்.

இப்படித் தவறைத் தன் மேல் ஏற்றுக்கொள்வதெல்லாம் பிறவிக் குணம் என்று விட்டுவிடக் கூடாது, பழக்கலாம். அமெரிக்க ராணுவத்தில் பயிற்சி முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பேசும் வழக்கம் 1970களிலிருந்து இருக்கிறது. பதவி பார்க்காமல் சிப்பாயும் பேசலாம். நல்ல அதிகாரி, "நான் கொடுத்த உத்தரவு தெளிவாக இல்லை" என்று தானே ஆரம்பிப்பார். அப்புறம்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.