46ஆம் நம்பர் பல்லு

புதன்கிழமை ராத்திரி சோறு போட்டுக்கொண்டே வீட்டுக்காரம்மா சொன்னாள். "சனிக்கிழமை 11 மணிக்கு ரெண்டு பேருக்கும் பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேங்க. அன்னைக்கு உங்களுக்கு ஏலமும் இல்ல. சாக்குச் சொல்லக் கூடாது."

எனக்குப் பல்வலியெல்லாம் கிடையாது. வலது பக்கம் மெல்லுவதை விட்டு ஒன்றரை வருசம் ஆகிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஏதாவது போனால் சுருக்கென்று கூசும். அதற்கென்ன, இடது பக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பிழைப்பு ஈரோட்டில், மஞ்சள் மண்டியில். மூட்டையிலிருந்து மாதிரி எடுத்துத் தட்டில் கொட்டினால், ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்துப் பார்த்துத் தரம் சொல்வேன். நன்றாகக் காய்ந்த மஞ்சள் ஒடியும்போது 'டிங்'கென்று வெண்கலச் சத்தம் வரும். ஈரம் இருந்தால் வராது. வேகவைத்துக் காயப்போட்ட மஞ்சள் பார்வைக்கு முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். டிரம்மில் போட்டு உருட்டிப் பாலிஷ் செய்த பிறகுதான் மினுமினுக்கும். அந்த மினுமினுப்பைப் பார்த்து விலை போடுகிறவன் தொழிலுக்குப் புதுசு. இருபது வருசமாக ஊரார் மஞ்சளின் பாலிஷுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆள் நான். என் வாயை ஒருத்தர் பார்க்கப் போகிறார் என்றதும் எனக்கு வந்த முதல் யோசனை, மூன்று நாளில் பல்லுக்கு ஒரு பாலிஷ் போட்டுவிடலாம் என்பதுதான்.

வியாழக்கிழமை விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போய் வேப்பங்குச்சி ஒடித்தேன். ஆலும் வேலும் பல்லுக்குறுதி அல்லவா? அந்த வேல் வேலங்குச்சி, வேப்பங்குச்சி இல்லை என்பது பாதி தேய்த்த பிறகுதான் உறைத்தது. சரி, ஏதோ ஒரு மரம். கூடவே கல்லுப்பையும் கரியையும் நுணுக்கி வைத்துக்கொண்டேன். எங்கள் அப்பாரு கரியும் உப்பும் வைத்துத் தேய்த்தே 78 வயதில் கரும்பைக் கடித்துத் தின்றவர் என்பது எங்கள் குடும்ப வரலாறு. அதற்கப்புறம் அவருக்கு அரிசிம்பருப்புச் சோற்றை மசித்துத்தான் ஊட்டினோம் என்பது அந்த வரலாற்றில் வராது. ஒரே வேகத்தில் தேய்த்ததில் எச்சில் சிவப்பாக வந்தது. அழுக்கு இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பழைய பிரஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளாடு மேய்ந்த சோளத்தட்டு மாதிரி நாலாப்பக்கமும் விரிந்து கிடந்தது. புதுசு வாங்க மெடிக்கலுக்குப் போனவன், யாரோ சொன்ன ஞாபகத்தில், "பல்லு இடுக்குல உட்டு இழுக்கற நூல் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கடைப் பையன் சின்ன டப்பா ஒன்றை எடுத்து வைத்தான். 140 ரூபாய். விசைத்தறிக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவனிடம் நூலுக்கு 140 ரூபாயா? "இது எத்தனாம் நம்பர் நூல் தம்பி? நாப்பதா, அறுபதா?" என்றேன். பையன் முறைத்தான். வீட்டுக்கு வந்து இழுத்துப் பார்த்தேன். உள்ளே போகிறது, வெளியே வருவதில்லை. கடைசிக் கடைவாய்ப் பல்லில் சிக்கி, பட்டம் விட்ட பையன் மாதிரி வாயிலிருந்து நூல் தொங்க நின்றேன். வீட்டுக்காரம்மா வந்து கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமைக்கான யோசனை மண்டியில் ஒரு பங்காளி கொடுத்தது. "டாக்டர்கிட்டப் போறதுன்னா வெறும் வயித்துலதான் போவோணும் மாப்ள." காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை. தினமும் போடுகிற பிரஷர் மாத்திரையையும் போடவில்லை. பல்லை மட்டும் நாலு தடவை தேய்த்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்த நர்ஸ் பெண் சீட்டு எழுதிக்கொண்டே, "சாப்ட்டீங்களாங்க?" என்றது.

"பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலீங்க" என்றேன், பெருமையாக.

"மாத்திரை ஏதாவது போடறீங்களா?"

"பிரஷருக்குப் போடுவேனுங்க. இன்னைக்கு அதும் போடலீங்க."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தது. "ரத்தம் டெஸ்ட் பண்றதுக்குத்தானுங்க வெறும் வயிறு. இங்க ஊசி போட்டா உங்களுக்கு மயக்கமே வந்துரும். போய் நாலு இட்லி தின்னுபோட்டு, மாத்திரையப் போட்டுட்டு வாங்க."

எதிர்க்கடையில் நாலு இட்லி, ஒரு ஊத்தாப்பம். பசி அப்படி. மூன்று நாள் உழைப்பு வீணாகக் கூடாது என்று கை கழுவும் இடத்தில் நின்று ஏழு தடவை வாய் கொப்பளித்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "சாம்பார்ல ஏதாச்சும் கெடந்துச்சுங்களா?" என்றார்.

நாற்காலியில் சாய்த்து, முகத்துக்கு நேராக விளக்கைத் திருப்பி, "சித்தே வாயத் தொறங்கண்ணா" என்றார் டாக்டரம்மா. திறந்தேன். குறடு மாதிரி ஒன்றை விட்டு எதையோ எடுத்து விளக்கில் காட்டினார். கறிவேப்பிலை.

அப்புறம் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டே நர்ஸ் பெண்ணிடம் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். "46 சொத்தை. 48 பாதி முளைச்சிருக்கு. 31, 41 பின்னாடி காறை." எனக்கு வியர்த்துவிட்டது. மனுசனுக்கு மொத்தமே 32 பல்தானே? 48 எங்கிருந்து வந்தது? வாய் நிறையக் கம்பியை வைத்துக்கொண்டு கேட்கவும் முடியாது. கம்பியை எடுத்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன். சிரித்துவிட்டு விளக்கினார். வாயை நாலு வார்டாகப் பிரித்திருக்கிறார்களாம். மேலே வலது 1, மேலே இடது 2, கீழே இடது 3, கீழே வலது 4. ஒவ்வொரு வார்டிலும் நடுவிலிருந்து எட்டு வீடு. ஆக 46 என்றால் நாலாவது வார்டு, ஆறாவது வீடு. ஒன்றரை வருசமாக நான் அந்தத் தெருப்பக்கமே போகாமலிருந்த அதே வீடு.

அடுத்து அந்தக் கண்ணாடியின் காம்பால் 46ஐ மெல்லத் தட்டி, "வலிக்குதுங்களா?" என்றார். இல்லை என்றேன். எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்துவிட்டு, சொத்தை நரம்பு வரைக்கும் போகவில்லை, வேர் சிகிச்சை வேண்டாம், அடைத்தால் போதும் என்றார். தட்டிப் பார்த்துத் தரம் சொல்கிற தொழில் இன்னொன்று இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மூணு நாளா புதுசா என்னமோ பண்ணியிருக்கீங்க போல?"

தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாள் என்று சரியாக எப்படி? அவர் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். ஈறு ஓரமெல்லாம் புதுக் கீறல், குச்சியும் கரியும் செய்த வேலை. கீழ்ப் பல்வரிசைக்குப் பின்னால், நாக்குப் பக்கம், மஞ்சளாகப் பாறை மாதிரி படிந்திருந்தது பல வருசச் சொத்து, அவர் சொன்ன காறை. "முன்னாடி மட்டும் மினுக்கியிருக்கீங்க. பின்னாடி அப்படியே இருக்குது."

பல்லில் தினமும் படிகிற மாவு மாதிரிப் படலத்தை அன்றன்றே பிரஷ் போட்டால் எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, சில நாளிலேயே இறுக ஆரம்பித்துவிடுமாம். எச்சில் சுரந்து வருகிற துவாரம் அந்தக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால்தான் இருக்கிறது, அதனால் அங்கேதான் அதிகம் படியும். போர் தண்ணீர் காய்ச்சுகிற குண்டாவில் வெள்ளையாகப் படியுமே, அதை வேப்பங்குச்சியால் சுரண்டினால் வருமா?

காறையை மிசின் வைத்து எடுத்தார். நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிருகிற முனையாம். காதுக்குள் ஒரு கொசு மைக் வைத்துப் பாடியது மாதிரி இருந்தது. அப்புறம் ஊசி போட்டு 46ஐ அடைத்தார். கீழுதடு பாதி என்னுடையதா என்றே தெரியாமல் மரத்துப்போனது.

அடுத்தது வீட்டுக்காரம்மா. அவள் பென்னாகரத்துப் பெண். சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல் உருவாகிற வயதில் அது சேர்ந்ததால் பல்லில் பழுப்புக் கோடுகள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அந்தப் பக்கம் வந்ததே 2013இல்தான், அதற்குள் அவள் இங்கே வாக்கப்பட்டு வந்துவிட்டாள். "பாலிஷ் போடாத மஞ்சள்" என்று நான் கேலி செய்யாத விசேசம் கிடையாது. டாக்டரம்மா 11இல் ஆரம்பித்து 48 வரைக்கும் பார்த்தார். நர்ஸ் பெண் எழுதப் பேனாவோடு காத்திருந்தது. எழுத ஒன்றுமே வரவில்லை. "கோடு தேச்சாப் போகாதுங்கக்கா, அது பல்லோட பொறந்தது. ஆனா ஒரு சொத்தைகூட இல்லீங்க. ராத்திரியும் தேய்ப்பீங்களா?" "தினமும்" என்றாள். பதினெட்டு வருசமாக ராத்திரியில் குழாயடியில் கேட்கும் சத்தம் அதுதானா?

மரத்தது தெளிகிற வரைக்கும், ரெண்டு மூன்று மணி நேரம், எதையும் மெல்லக் கூடாது, உதட்டையே கடித்துக்கொள்வேன் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்து டீயாவது குடிக்கலாம் என்று வாயில் வைத்தால் பாதி சட்டையில் இறங்கியது. வீட்டுக்காரம்மா கடையில் ஒரு கடலை மிட்டாய் வாங்கினாள். "ஏங்க, பசிக்குதா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், "இழ்ழே" என்று வந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே வலது பக்கம் வைத்து ஒரு கடி கடித்தாள்.

இருபது வருச அனுபவத்தில் சொல்கிறேன், முதல் தரச் சத்தம்.