மங்கும் வெயில் புள்ளியும்: ஒரு சிகிச்சைக் குறிப்பேடு

ஜனவரி 5

கிரீமைத் திறப்பதற்கு முன் கறையின் பெயரைச் சரிபார்க்க வேண்டும். முகத்தில் கறுப்பாக எது தெரிந்தாலும் ‘மங்கு’ என்று சொல்லிவிடுகிறோம். பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வெயில் புள்ளிக்கு விளிம்பு உண்டு. பேனாவால் சுற்றி வரைந்துவிடலாம். கன்னமேடு, நெற்றியோரம், புறங்கை என்று வெயில் விழுந்த இடத்தில் மட்டும் வரும். தடவினால் தட்டையாக இருக்கும். மங்கு அப்படியல்ல. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் இரண்டு கன்னத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி படரும். நெற்றியிலும் மேலுதட்டிலும் வரும். கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் அதைத் தூண்டும், வெயில் வளர்க்கும். பரு ஆறிய இடத்தில் நிற்கும் கருமை மூன்றாவது வகை.

பெயருக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? வெயில் புள்ளியை லேசரால் உதிர்க்கலாம். அதே லேசரை மங்கின் மேல் காட்டினால் பல நேரம் முன்பைவிடக் கறுத்துப்போகும்.

மெழுகை ஒட்டவைத்தது போல விரலுக்கு மேடாகத் தட்டுப்பட்டால் இவற்றில் எதுவும் இல்லை. வயதில் வரும் தீங்கற்ற தடிப்பாக இருக்கலாம். வெளுக்கும் கிரீம் எதற்கும் அது அசையாது.

ஒரே புள்ளிக்குள் இரண்டு மூன்று நிறம், கோணலான விளிம்பு, சில மாதங்களில் பெரிதாவது, ரத்தக் கசிவு, ஆறாத புண்: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிரீம் வேண்டாம், தோல் மருத்துவர் பார்க்கட்டும். புற்றுநோயின் தொடக்கம் இப்படித்தான் வெறும் கறை போல உட்கார்ந்திருக்கும். அதை வெளுக்கவைத்தால் அடையாளம்தான் அழியும், நோய் அழியாது.

ஜனவரி 6

முதல் நாள் படம். அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரம். ஃபிளாஷ் இல்லாமல், ஃபில்டர் இல்லாமல். அடுத்த படம் நான்கு வாரம் கழித்து. தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. மூன்றாம் வாரம் ‘இது வேலைக்கு ஆகாது’ என்று வேறு கிரீமுக்குத் தாவிவிடுவார்.

ஜனவரி 8

சன்ஸ்கிரீன் அளவு. எஸ்.பி.எஃப். எண்ணை (வெயிலில் தோல் கன்றாமல் எவ்வளவு காக்கும் என்ற அளவு) ஆய்வுக்கூடத்தில் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவுகிறார்கள். முகத்துக்கு அது ஒன்றேகால் கிராம் அளவு வரும்: சமமாக வழித்த கால் டீஸ்பூன். கழுத்துக்கும் காதுக்கும் இன்னொரு கால் டீஸ்பூன்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் 1.25 மில்லி எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ‘இவ்வளவுமா?’ என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. ஒரே தடவையில் பூசினால் உருண்டு திரளும். பாதியைப் பூசி, இரண்டு நிமிடம் விட்டு, மீதியைப் பூச வேண்டும். மயிர்க்கோடு, காது மடல், மூக்கின் பக்கவாட்டு, கண்ணுக்கு வெளியோரம்: விட்டுப்போகும் இடங்கள் இவை. புள்ளியும் இங்கேதான் திரும்ப வருகிறது.

இன்னொரு கணக்கு: முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு 2.5 கிராம். 50 கிராம் ட்யூப் இருபது வேளைக்கு வரும். மூன்று மாதம் வந்தது என்றால் அது பூசப்படவில்லை, காட்டப்பட்டிருக்கிறது.

தோலைக் கன்றவைக்கும் கதிரில் எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் நாம் எப்படியும் குறைவாகத்தான் பூசுவோம் என்பதால் 50 வாங்குவது நல்லது. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை; வியர்த்தாலோ முகம் துடைத்தாலோ உடனே.

ஜனவரி 9

வெயிலின் புற ஊதாக் கதிரில் இரண்டு வகை: கன்றவைக்கும் யு.வி.பி., கறுக்கவைக்கும் யு.வி.ஏ. ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.-யை நிறுத்திவிடும், அதனால் தோல் கன்றாது. யு.வி.ஏ.-யில் நிறைய உள்ளே வரும். வண்டி ஓட்டுகிறவரின் ஜன்னல் பக்கக் கன்னத்தையும் மறு கன்னத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் புரியும். எஸ்.பி.எஃப். முதன்மையாக யு.வி.பி. கணக்கு, யு.வி.ஏ.-வுக்கு பி.ஏ. குறியீட்டில் எத்தனை பிளஸ் என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 11

மங்கு உள்ளவருக்கும் மாநிறத் தோலுக்கும் கூடுதலாக ஒன்று. கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக நீலப் பகுதி, கருமையைக் கூட்டும். நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் இதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. டின்ட் உள்ளது வேண்டும். நிறத்துக்காகச் சேர்க்கும் அயர்ன் ஆக்சைடுதான் இங்கே காவல். பெட்டியின் பின்னால் சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், விளம்பர வாசகத்தை நம்ப வேண்டியதில்லை.

ஜனவரி 15

ஒரு வாரம் சன்ஸ்கிரீன் பழகிய பிறகே மருந்து. இந்த வரிசையை மாற்றினால் ஒரு பக்கம் இறைக்க, மறு பக்கம் நிரம்பும்.

காலையில் வைட்டமின் சி, 10 முதல் 20 சதவீதம், அதன் மேல் சன்ஸ்கிரீன். சீரம் இளமஞ்சளாக இருக்கும் வரை சரி. பழுப்பாகிவிட்டால் ஆக்சிஜன் அதை முடித்துவிட்டது, தூக்கிப் போடலாம்.

இரவில் ஒன்றே ஒன்று. அசெலாயிக் ஆசிட் 15 அல்லது 20 சதவீதம் பொறுமைசாலிகளுக்கு ஏற்றது. கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகப் பாதுகாப்பானது. முதல் இரண்டு வாரம் அரிப்பெடுக்கும், அடங்கிவிடும். வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம் வேகம், ஆனால் முரடு. முகம் கழுவி இருபது நிமிடம் உலரவிட்டு, பட்டாணி அளவு எடுத்து, ஐந்து இடத்தில் பொட்டு வைத்துப் பரப்ப வேண்டும். வாரம் இரண்டு இரவில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். மூக்கோரத்திலும் வாயோரத்திலும் முன்பே பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிட்டால் அங்கே வெந்துபோகாது. கர்ப்பத்தில் ட்ரெட்டினாயின் கூடாது.

நியாசினமைடு 4, 5 சதவீதம் எதோடும் சேரும். தோலுக்கு நிறம் தரும் பொருள் மெலனின்; அதை உண்டாக்கும் செல் நிறமணு. நிறமணுவில் உருவான மெலனின் பொதிகள் பக்கத்துச் செல்களுக்குக் கைமாறுவதைத்தான் நியாசினமைடு குறைக்கிறது.

ஜனவரி 29

இரண்டாம் வாரம். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. தோல் உரியும், எரியும். ‘எரிந்தால்தான் வேலை செய்கிறது’ என்று இன்னும் தடவுவார்கள். எரிச்சல் அழற்சி, அழற்சி மெலனினைக் கூட்டும். மாநிறத் தோலில் கறையைப் போக்கப் போட்ட மருந்தே புதுக் கறை போடுவது இந்த வழியில்தான்.

தண்ணீர் பட்டாலே எரிகிறதென்றால் மருந்தை நிறுத்தி, மென்மையான கிளென்சரும் மாய்ஸ்சரைசரும் மட்டும், எரிச்சல் முழுதும் அடங்கும் வரை. பிறகு முன்பு தடவிய இரவுகளில் பாதி இரவு மட்டும் தடவித் தொடங்கலாம். ஸ்கிரப், நார், முரட்டுத் துண்டு மூன்றும் குளியலறையை விட்டே போகட்டும்.

பிப்ரவரி 10

ஹைட்ரோகுவினோன் கிரீம், 2 முதல் 4 சதவீதம். டைரோசினேஸ் என்ற நொதியை மறித்து மெலனின் உற்பத்தியைக் குறைப்பதில் இன்றும் இதுதான் அளவுகோல். இரவில் மட்டும், கறையின் மேல் மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் மூன்று நான்கு மாதம். அதன் பிறகு இடைவெளி. ஆண்டுக்கணக்கில் தடவியவர்களுக்கு ஓக்ரோனோசிஸ் என்ற நீலச்சாம்பல் கருமை தோலுக்குள் படியக்கூடும். கிட்டத்தட்ட எதற்கும் போகாத கறை அது.

1975இல் வந்த, தோல் மருத்துவர் கிளிக்மனின் கலவை ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்தது. இன்றைய மூவர் கிரீம் அதன் மென்மையான வடிவம். எட்டு வாரத்துக்கான மருந்து. ஆனால் இரண்டாம் வாரமே முகம் பளிச்சென்று ஆகிவிடுவதால் ஆண்டு முழுக்க முகப்பூச்சு போலத் தடவுகிறார்கள். பிறகு தோல் மெலிந்து சிவப்பு ரத்த நாளங்கள் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். மருந்தின் குற்றமில்லை, காலண்டரின் குற்றம்.

மார்ச் 2

எட்டாம் வாரப் படம். புள்ளி போயிருக்காது, விளிம்பு கரைந்து, நிறம் ஒரு படி இறங்கியிருந்தால் வழி சரி. மேல்தோல் ஒருமுறை புதுப்பிக்கவே நான்கு வாரத்துக்கு மேல், வயதானால் இன்னும் அதிகம். 12 வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சாம்பல் நிறமாகத் தெரிந்தால் மெலனின் அடித்தோலில் இருக்கிறது. கிரீம் அதுவரை போவது கடினம்.

பிடிவாதமான மங்குக்கு ட்ரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை, வழக்கமாக 250 மில்லிகிராம் இரண்டு வேளை, மருத்துவர் தருவது உண்டு. ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து அது. ரத்தம் உறையும் வரலாறு உள்ளவர், கருத்தடை மாத்திரை எடுப்பவர், புகைப்பவர் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 20

கிரீமுக்கு மசியாத வெயில் புள்ளிக்கு, ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாய்ச்சும் க்யூ-ஸ்விட்ச்டு லேசர், 532 நானோமீட்டர். ஒளி விழுந்த கணத்தில் புள்ளி மட்டும் உறைபனி படிந்தது போல வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த வெண்மை மறையும். மறுநாள் முன்பைவிடக் கறுப்பாகும், பயப்பட வேண்டாம், அது பொருக்கு. முகத்தில் ஏழு முதல் பத்து நாளில் தானே உதிரும், புறங்கையில் இரண்டு மூன்று வாரம் ஆகும். பெட்ரோலியம் ஜெல்லி தடவி ஈரமாக வைத்தால் போதும். நகத்தால் நெம்பியவர்களுக்கு அடியில் சிவப்பு, பிறகு கருமை.

எல்லாப் புள்ளியையும் ஒரே நாளில் சுடச் சொல்லக் கூடாது. காதோரத்தில் ஒன்றை மட்டும் செய்து ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். லேசருக்குப் பின் வரும் கருமை பெரும்பாலும் நான்காம் வாரம்தான் தலைகாட்டும். இரண்டாம் வாரம் பார்த்து ‘சூப்பர்’ என்று மீதியையும் சுட்டால் மாட்டிக்கொள்வோம். வெயிலில் அலைந்து கறுத்த தோலிலும் லேசர் வேண்டாம்.

திரவ நைட்ரஜனால் புள்ளியை உறையவைப்பது இன்னொரு வழி. அது மைனஸ் 196 டிகிரி. நிறமணுக்கள் மற்ற தோல் செல்களைவிடக் குளிருக்குச் சீக்கிரம் சாகும். அதனால் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவிட்டால் கரும்புள்ளி இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி. மாநிறத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மே 4

கறைக்கு எலுமிச்சை தடவ வேண்டாம். அதன் சாற்றில், குறிப்பாகப் பழத்தோலில், ஃப்யூரோகூமரின்கள் என்ற பொருட்கள் உண்டு. வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கி, சாறு வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடு போடும். போக மாதங்கள் ஆகும்.

உட்பொருள் பட்டியல் இல்லாத வெளுக்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கக்கூடும். அது சிறுநீரகத்தைப் போய்த் தாக்கும். ஒரே வாரத்தில் நிறம் மாற்றும் எதையும் சந்தேகிக்கலாம்.

ஜூன் 22

புள்ளி போன பிறகு. நிறமணுக்கள் எங்கும் போய்விடவில்லை, அதே இடத்தில் அரைத்தூக்கத்தில் இருக்கின்றன. இனி ஹைட்ரோகுவினோன் இல்லை. இரவில் அசெலாயிக், வாரம் இரண்டு மூன்று இரவு ட்ரெட்டினாயின், காலையில் டின்ட் சன்ஸ்கிரீன். சுற்றிலும் விளிம்பு உள்ள தொப்பி வேண்டும். முன்பக்கம் மட்டும் விளிம்பு உள்ள தொப்பி கன்னத்தையும் காதையும் விட்டுவிடும். வெயிலில் புற ஊதாக் கதிரின் வலுவைச் சொல்லும் யு.வி. குறியீடு 3ஐத் தொட்டால் காவல் தேவை. மேகம் மூடிய நாளிலும் தொடும்.

அடுப்பு, உலை என வெக்கையில் வேலை செய்பவர்களுக்கு வெயிலே படாமலும் மங்கு கூடும். அனல் முகத்தில் நேரே அடிக்காதபடி விலகி நிற்பதும் காற்றோட்டமும்தான் வழி. புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். டாக்சிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும்.

ஆகஸ்ட் 17

புறங்கையில் பழைய இடத்தில் ஒரு புள்ளி திரும்புவது பெரும்பாலும் கை கழுவுவதால். காலையில் பூசிய சன்ஸ்கிரீன் முதல் சோப்பிலேயே போய்விடும். முகத்துக்கு மறுபடி பூசுகிறவர்கள்கூடக் கையை மறந்துவிடுகிறார்கள். கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ட்யூப் நிற்கட்டும். வண்டி ஓட்டும்போது முழுக்கை உறை.