குவில்ட்டில் சாயம் இறங்கிவிட்டதா? முதலில் காயவிடாதீர்கள்

மாதக்கணக்கில் உட்கார்ந்து, துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துக் கையால் தைத்த போர்வை, அதாவது குவில்ட். முதல் தடவை துவைத்து எடுத்தால், வெள்ளைக் கட்டங்களில் பக்கத்துச் சிவப்பு ரோஸ் நிறமாக இறங்கி நிற்கும். உடனே கை கல் உப்பைத் தேடும். உப்பு வேண்டாம், வினிகரும் படிகாரமும் வேண்டாம். கொடியில் மட்டும் போட்டுவிடவே வேண்டாம். ஈரம் இருக்கும்வரை இறங்கிய சாயத்தை வெளியே எடுக்க வழி இருக்கிறது. உடனே வேலையைத் தொடங்க முடியாவிட்டால், நிறைய பச்சைத் தண்ணீரில் முழுசாக மூழ்க வைத்துவிட்டுப் போங்கள். ஈரத்தோடு மடித்து வைப்பதுதான் ஆகக் கெடுதல்.

இன்று பருத்தித் துணிக்கு அதிகம் போடுவது ரியாக்டிவ் சாயம். நூலோடு வேதிப் பிணைப்பு ஏற்படுத்திக்கொண்ட சாயம் லேசில் கழன்று வராது. ஆனால் சாயமிடும்போது ஒரு பகுதி நூலைப் பிடிக்காமல், தண்ணீரோடு வினைபுரிந்து உதிரியாக நின்றுவிடும். பட்டறையிலேயே சுடுதண்ணீரில் பல முறை அலசி அதை நீக்க வேண்டும். அந்த அலசலில் சிக்கனம் பிடித்தால், மிச்சம் நம் வீட்டு வாளியில் இறங்கும். சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு ஆகியவற்றில்தான் இந்தத் தொல்லை அதிகம், அடர் நிறத்துக்குச் சாயம் அதிகம் போடுவதால்.

உப்பு விஷயத்துக்கு வருவோம். சாயத் தொட்டியில் உப்புப் போடுவது, தண்ணீரில் கரைந்த சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுவதற்காக. ஏற்கெனவே சாயம் கலங்கி நிற்கும் தண்ணீரில் உப்பைக் கொட்டினால், அதைத் தள்ளிவிடும் திசை உங்கள் வெள்ளைக் கட்டங்கள்தான். வினிகர் உதவுவது பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயங்களுக்கு. படிகாரத்துக்கு இயற்கைச் சாயத்தில் இடம் உண்டு, ரியாக்டிவ் சாயத்தில் இல்லை.

ஆக, உதிரிச் சாயத்தைத் துணியில் நிறுத்தப் பார்க்காமல் வெளியேற்ற வேண்டும். அதற்கு நிறைய தண்ணீர், நல்ல சூடு, நீண்ட நேரம், சாயத்தைத் தண்ணீரிலேயே மிதக்க வைக்கும் சோப்பு. இதில் ஒன்று குறைந்தாலும் பலன் பாதிதான்.

ஒற்றைக் கட்டில் குவில்ட்டுக்கே 20 லிட்டர் வாளி பத்தாது. பாத்டப் இருக்கும் வீடு சென்னையில் குறைவு. தண்ணீர் பிடித்து வைக்கும் 100 லிட்டர் டிரம் போதும். சூடு 60 டிகிரி வேண்டும். கீசர் தண்ணீர் 55 டிகிரியில் 70 லிட்டர் என்றால், அண்டாவில் கொதிக்க வைத்த தண்ணீர் 20 லிட்டர் சேர்த்தால் 64, 65 டிகிரி வரும். குவில்ட் இறங்கியதும் அது 60 பக்கம் வந்து நிற்கும். ப்ளீச் கலக்காத, பாத்திரம் கழுவும் லிக்விட் 120 மில்லி, அதாவது அரை கப், கரைத்துவிடுங்கள். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பின் வேலை குறையும். மெட்ரோ வாட்டர் வரும் நாளில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. டிசைன் வரைய, தண்ணீரில் அழியும் நீல நிற மார்க்கர் பேனா பயன்படுத்தியிருந்தால், முதலில் பச்சைத் தண்ணீரில் அந்தக் கோடுகள் முழுக்கப் போகும்வரை அலசுங்கள். சூடு பட்டால் அந்த மை நிரந்தரமாக நின்றுவிடும்.

குவில்ட்டை மடிக்காமல் தளர்வாக இறக்கி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் அமுக்குங்கள். ஒரு மூலை வெளியே தலைகாட்டினால்கூட, தண்ணீர் அந்த மூலைக்கு ஏறி ஆவியாகும். சாயம் அங்கேயே சேர்ந்து கோடு போட்டுவிடும். மேலே எவர்சில்வர் தட்டு, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் வையுங்கள். இரும்பு எதுவும் வேண்டாம், துரு ஏறும். மூடி போட்டு 12 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் ஆறிவிடும், பரவாயில்லை.

காலையில் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் கொஞ்சம் மொண்டு பாருங்கள். டிரம்மில் தெளிவாகத் தெரியும் தண்ணீர் கோப்பையில் லேசான ரோஸாகத் தெரியும். நிறம் தெரிகிறவரை தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுச் சுடுதண்ணீர், புது சோப்போடு மறுபடி ஊற வைக்க வேண்டும். பலரும் இரண்டாவது முறையோடு விட்டுவிடுவார்கள். மூன்று நான்கு தேவைப்படுவது சகஜம். தண்ணீர் தெளிந்த பிறகு சோப்பு போக அலசுங்கள்.

தூக்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். நனைந்த குவில்ட் பல மடங்கு கனக்கும், கைத் தையல் நூல் அறுந்துவிடும். அடியில் ஒரு பழைய வெள்ளை பெட்ஷீட்டைப் போட்டுத் தொட்டில் மாதிரி இரண்டு பேர் தூக்குங்கள். முறுக்கிப் பிழியாமல், மெஷினில் குறைந்த வேகத்தில் ஸ்பின் மட்டும் விடலாம். பிறகு வெள்ளைத் துணி விரித்து, நிழலில் மட்டமாக, ஃபேனுக்குக் கீழே காயப்போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மெதுவாகக் காயும் துணியில் மிச்சச் சாயம் நகரும்.

இந்த முறை எல்லாத் துணிக்கும் ஆகாது. பட்டுப் புடவைத் துண்டோ கம்பளி உள்ளீடோ இருந்தால் 60 டிகிரி அதைப் பாழாக்கும். கலம்காரி போன்ற இயற்கைச் சாயத் துணியின் நிறமே மாறிவிடலாம். 1960களில் அமெரிக்காவில் சாயம் போவதையே சிறப்பாகச் சொல்லி ‘பிளீடிங் மெட்ராஸ்’ (சாயம் போகும் மெட்ராஸ்) என்ற கட்டம் போட்ட பருத்தித் துணியை விற்றார்கள். அந்த ரகத் துணியில் சாயம் போவதை நிறுத்தப் பார்ப்பதே வீண். இண்டிகோ, அதாவது அவுரி நீலமும் அப்படித்தான், தேய்த்தாலே கையில் ஒட்டும். டை ஃபிக்ஸர், அதாவது சாயத்தைத் துணியில் நிறுத்தும் கரைசல், தைக்கும் முன் துணிக்குப் போட வேண்டியது. கறை விழுந்த குவில்ட்டில் போட்டால் கறையும் சேர்ந்து நின்றுவிடும். குளோரின் ப்ளீச் கறையோடு டிசைனையும் கொண்டுபோகும், நூலையும் நைக்கும்.

அடுத்த குவில்ட்டுக்குத் துணி வாங்கும்போது, கோடவுன் தெருவில் எடுத்தாலும் சரி, தி.நகரில் எடுத்தாலும் சரி, ஒவ்வொரு அடர் நிறத்திலும் 10 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் சுடுதண்ணீரில் ஒரு சொட்டு லிக்விட் விட்டு, வெள்ளைப் பருத்தித் துண்டோடு சேர்த்து அரை மணி ஊற வையுங்கள். தண்ணீர் மட்டும் நிறம் மாறினால், அந்தத் துணியைச் சுடுதண்ணீரில் தெளியும்வரை தனியாகத் துவைத்துவிட்டுத் தைக்கலாம். வெள்ளைத் துண்டும் நிறம் மாறியிருந்தால், துவைத்த பின் இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள். அப்போதும் ஏறினால் அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.