ராத்திரி ஓட்டம் வேண்டாமே

நல்லூர்த் திருவிழா வந்தால் கொழும்பு வெள்ளவத்தையில் பாதிச்சனம் இரவோடிரவாக யாழ்ப்பாணம் வெளிக்கிடும். வேலை முடிஞ்சு, சாப்பிட்டு, பத்து மணிக்குக் காரை எடுத்தால் விடிய அங்கை நிக்கலாம் எண்டு கணக்கு. எனக்கு அந்தக் கணக்கே பிடிக்காது.

புத்தளம் தாண்டினால் ரோட்டில சனமில்லை, கடையில்லை. நித்திரை தூக்கிற இடமும் அதுதான். 80 கிலோமீற்றர் வேகத்தில கார் ஒரு செக்கனுக்கு 22 மீற்றர் ஓடும். நாலு செக்கன் கண் அசந்தால் கிட்டத்தட்ட 90 மீற்றர் சாரதியே இல்லாத கார். முன்னாலை பின்லைற் எரியாத லொறி நிண்டால் பிரேக்கில கால் வைக்கவே நேரமிராது. "யன்னலைத் திறந்துவிடு, பாட்டைக் கூட்டு" என்பார் மாமா. அதெல்லாம் சும்மா. வெளிச்சமான இடமாப் பாத்து நிப்பாட்டி, இருபது நிமிசம் படுத்தெழும்பினாலாவது கொஞ்சம் தெளியும்.

பின்சீற்றில பெல்ட் போடச் சொன்னால் மாமிக்குச் சீலை கசங்குமாம். மோதினால் பின்னாலை இருக்கிறவையின்ர பாரம் முழுக்க முன்சீற்றுக்காரரின்ர முதுகிலதான் வந்து விழும். மடியில வைச்சிருக்கிற பிள்ளையை எந்தக் கையாலையும் பிடிக்கேலாது.

இப்ப எங்கட வீட்டில நல்லாப் படுத்தெழும்பி, விடியக் காலமை அஞ்சு மணிக்குத்தான் வெளிக்கிடுறது. முதல் நாளே டயருக்குக் காத்துப் பாத்திடுவன். ஆளும் சாமானும் கூடினால் எவ்வளவு அடிக்கவேணும் எண்டு சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கும்.